துளையா, கீறலா?

திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரைப்பையில் புற்று என்று தெரிந்ததும் வீட்டார் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஓட்டை போட்டுப் பண்ணுவீங்களா, வயித்தைக் கிழிச்சா?"

கிழிப்பதுதான் பழைய வழி. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத், ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்று அடைத்திருந்த பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். அறுவையில் அந்தப் பெண் பிழைத்தார். சில மாதங்களில் நோய் திரும்பிவந்து உயிரைக் கொண்டுபோயிற்று. 1991இல் ஜப்பானின் செய்கோ கிட்டானோ அதே வேலையை லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியாகச் செய்தார். இதுதான் துளை வழி.

வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, ஐந்தாறு சிறு துளைகளில் கேமராவையும் கருவிகளையும் நுழைப்பார்கள். உள்ளே நடக்கும் வேலை மாறுவதில்லை. புற்றுள்ள பகுதியோடு, ரத்தக்குழாய்களை ஒட்டிக் கிடக்கும் நிணநீர் முடிச்சுகளையும் உரித்தெடுக்க வேண்டும். குறைந்தது பதினாறையாவது சோதித்தால்தான் நோய் எவ்வளவு பரவியது என்று நம்பிச் சொல்லலாம். வெட்டியதை வெளியே எடுக்கவும் சில சென்டிமீட்டர் கீறல் வேண்டும். தழும்பே இராது என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எது மேல்? தென்கொரியாவில் ஆரம்பநிலை நோயாளிகள் 1,416 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் துளை வழியில் 94.2 சதவீதம், கீறல் வழியில் 93.3. புண் தொடர்பான சிக்கல் மட்டும் துளை வழியில் பாதிக்கும் குறைவு. இரைப்பைச் சுவரில் ஆழமாக ஊடுருவிய நோய்க்குச் சீனாவில் நடந்த ஆய்விலும் மூன்றாண்டுக் கணக்கு ஏறக்குறைய சமம். நெதர்லாந்து ஆய்விலோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்கள்கூட இரு தரப்புக்கும் ஏழுதான்! இவையெல்லாம் கை பழகிய நிபுணர்கள் செய்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெரிய கீறலுக்குப் பிறகு வாரக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது; தூக்கினால் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்துகொண்டவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கேமராவின் அருமை தெரிவது வேறோர் இடத்தில். நம் ஊரில் பலர் நோய் முற்றித்தான் வருகிறார்கள். வயிற்றின் உள்ளுறையில் மணல் தூவினாற்போல் ஒட்டிய கட்டிகள் சிடி ஸ்கேனுக்குத் தப்பிவிடும். கேமராவுக்குத் தப்புவது குறைவு. அவை கண்ணில் பட்டால் இரைப்பையை வெட்டாமல் துளைகளைத் தைத்துவிட்டு, பெரும்பாலும் கீமோதெரபிக்கு அனுப்புவார்கள். அதற்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, திருத்தணிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம்.