ஆந்தை நம்மை அளக்கும்போது

சம்பந்தர் பாடிய மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றை ஒட்டிய ஊர். மார்கழியில் இந்தப் பக்கத்துப் பனைகளையும் புளியமரங்களையும் நின்று பார்க்க வேண்டும். தலை போன மொட்டைப்பனையின் பொந்து வாயில், வெயில் சாயும் நேரத்தில் புள்ளி ஆந்தை ஒன்று வந்து உட்காரும். மைனா அளவு உடம்பு, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண். கேமராவோடு போகிறவரின் கால் தானாகவே அந்த மரத்தை நோக்கி நடக்கும். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பனி பெய்யும் வடநாடுகளில் குளிர்கால ஆந்தை பசியோடு போராடும் பறவை. அதைத் துரத்திப் படமெடுத்தால், எலி பிடிக்கச் சேர்த்து வைத்திருக்கும் தெம்பு வீணாகிறது என்பது அங்குள்ளவர்களின் கவலை. நம் சமவெளியில் நிலைமை வேறு. புள்ளி ஆந்தை இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பாறை இடுக்குகளில் வாழும் கொம்பன் ஆந்தைக்கும் இதே மாதங்கள்தாம். தை மாதத்தில் பொந்து வாயில் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்குப் பின்னால், இருட்டுக்குள் மூன்று நான்கு முட்டைகள் இருக்கக்கூடும்.

கிட்டே போனால் அது முதலில் தலையை ஆட்டும். மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில், நம்மீது வைத்த கண்ணை எடுக்காமல். பலர் இதை ரசித்துச் சிரிக்கிறார்கள். உண்மையில் அது நம்மை அளந்துகொண்டிருக்கிறது. ஆந்தையின் கண் குழல் வடிவமானது. எலும்பு வளையம் ஒன்று அதை இறுகப் பிடித்திருப்பதால் நம்மைப்போல் விழியை உருட்ட முடியாது. தலையை நகர்த்தும்போது பக்கத்துப் பொருள் அதிகமாகவும் தொலைவில் இருப்பது குறைவாகவும் இடம்பெயர்வதாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்து, எதிரே நிற்பது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கிறது. பின்பக்கம் பார்க்கக் கழுத்தையே திருப்ப வேண்டும். நமக்குக் கழுத்தெலும்பு 7 என்றால் அதற்கு 14, சுமார் 270 பாகை வரை திரும்பும். இப்படி முறுக்கியும் மூளைக்கு ரத்தம் தடைப்படாதது எப்படி? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2013-ல் விடை சொன்னார்கள். கழுத்தெலும்பில் ரத்தக்குழாய் நுழைந்து போகும் துளை, குழாயைவிடப் பத்து மடங்கு அகலம். முறுக்கினாலும் குழாய் அசைய இடம் இருக்கிறது.

இத்தனை அடி தள்ளி நில்லுங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. டிராக்டரும் ஆடும் தினம் கடந்துபோகும் மரத்து ஆந்தை மனிதரைப் பொறுத்துக்கொள்ளும். ஒதுக்குப்புறத்து ஆந்தை பொறுக்காது. தலையாட்டல் தொடங்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். மெல்லப் பின்னால் வந்து, அது மறுபடி கண்ணை அரைகுறையாக மூடும்வரை காத்திருக்க வேண்டும். பகலில் பறந்துவிட்டால் காகமும் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் கூடிக்கொண்டு விரட்டும். அடைகாக்கும் பறவையானால் பொந்துக்குத் திரும்பவே தயங்கும்.

சாலையோரம் நிறுத்திய காருக்குள்ளிருந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு எடுப்பது நல்ல வழி. 400 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸ், ஓசையில்லாத ஷட்டர், கூடுதல் ஐ.எஸ்.ஓ. போதும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு வெளிச்சமே தாராளம். ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: மங்கிய ஒளிக்கு விரிந்திருக்கும் கண்ணில் அது பாய்ந்தால், இருட்டுக்குப் பழகிய பார்வை கலைந்துபோகும். கைப்பேசியில் ஆந்தைக் குரலைப் போட்டு வரவழைப்பது இன்னும் மோசம். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நம்பி, அது இல்லாத பறவையோடு சண்டைக்கு வரும்.

கூகையிடம் இன்னும் கவனம் வேண்டும். அதன் இரு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. அதனால் ஒலி வரும் உயரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும். முழு இருட்டில் சருகுக்குள் ஓடும் எலியை ஓசையை மட்டும் கொண்டே அது பிடிப்பதை உயிரியலாளர் ரோஜர் பெய்ன் சோதனைகளில் நிறுவி, 1971-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் நம் பேச்சும் செருப்புச் சத்தமும் எவ்வளவு பெரிய தொந்தரவு! கூகையைப் பார்க்க வயலே சரியான இடம். எலி பிடிக்கும் ஆந்தைகளுக்காக விவசாயிகள் நட்டுவைக்கும் டி வடிவக் குச்சியில் அந்தியில் வந்து உட்கார்ந்தால், வரப்பைவிட்டு இறங்காமலே படமெடுக்கலாம்.

கூட்டை நெருங்குவதன் விலையைப் படக்காரரும் கொடுத்திருக்கிறார். 1937-ல் வேல்ஸில், பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங்கைக் குஞ்சு காத்த ஆந்தை ஒன்று தாக்கியதில் இடது கண் போனது. அதன் பிறகும் அவர் ஆந்தைகளை விடவில்லை.

படம் கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி. மாந்திரீகத்துக்காகவும் விற்பனைக்காகவும் ஆந்தை பிடிப்பவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். ஆகவே இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு, பனை எந்த வயலோரம் என்பதைச் சொல்லாமல், படத்தின் கீழே ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று மட்டும் எழுதுங்கள்.