கள்ளிமுளையான்: கரட்டிலிருந்து காப்ஸ்யூல் வரை

மதுரை, திண்டுக்கல், கோவைப் பக்கங்களில் ஊருக்கு வெளியே மண் குறைந்து பாறை மிகுந்து கிடக்கும் மேடுகளைக் கரடு என்பார்கள். அங்கே பாறை வெடிப்பில் ஒரு விரற்கடை மண் இருந்தால் போதும், கள்ளிமுளையான் வேர்விட்டுவிடும். விரல் பருமனில் நான்கு பட்டைகளாகத் தண்டு. நீரைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்று. இலை பெயருக்குத்தான், முளைத்த சுருக்கில் உதிர்ந்துவிடும். முள் கிடையாது. மழைக்குப் பின் தண்டின் நுனிப்பக்கம் ஊதா கலந்த பழுப்பில் நட்சத்திரம் போலப் பூக்கும். இதழோரத்து மயிரிழைகள் சிறு காற்றுக்கும் நடுங்கும். ஈக்கள் தேடி வரும்.

ஆடு மேய்ப்பவர்களுக்கு இது வழித்துணை. தாகமும் பசியும் எடுக்கும்போது இளந்தண்டை ஒடித்து அப்படியே மென்றுவிடுவார்கள். கசப்பும் லேசான உப்புமாக இருக்கும். கொஞ்ச நேரத்துக்குப் பசி தெரியாது. வீட்டில் பித்தம், செரியாமை, வாய்க்கசப்பு என்றால் துவையல்தான். பட்டையோர நாரை உரித்து, தண்டை நறுக்கி நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கி, உளுந்து, மிளகாய், புளி, பெருங்காயம் சேர்த்து அரைப்பார்கள். புளி கொஞ்சம் தாராளமாகவே வேண்டும். இல்லாவிட்டால் கசப்பு முன்னுக்கு வந்துவிடும். ஊறுகாயும் போடுவார்கள்.

இச்செடி ஆய்வாளர் கண்ணில் பட்டது நேற்றல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ, 1795 முதல் வெளிவந்த சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய நூல் வரிசையில் இச்செடியைப் படத்துடன் பதிவு செய்தார். 1931இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் மயூரநாதனும் இச்செடி அடங்கிய காரல்லுமா பேரினத்தின் இந்திய இனங்கள் அனைத்தையும் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தார்கள்.

இன்று அந்த ஆய்வாளர்களின் பெயர் பலருக்குத் தெரியாது. 'காரல்லுமா ஃபிம்ப்ரியேட்டா' என்ற இச்செடியின் அறிவியல் பெயரோ உடல் எடைக் குறைப்பு மாத்திரைப் புட்டிகளில் உலகெங்கும் இருக்கிறது. கரட்டில் இலவசமாக மென்ற தண்டு, சாறாகி, பொடியாகி, காப்ஸ்யூலாகிவிட்டது. இந்தப் பயணத்தில் இரண்டு பேர் ஏமாறக்கூடும்: வாங்குபவர் ஒருவர், செடியையும் அதைப் பற்றிய அறிவையும் தலைமுறைகளாகக் காத்துவந்த ஊர்க்காரர் இன்னொருவர். இருவருக்குமே சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது.

வாங்குபவர் பக்கத்தை முதலில் பார்ப்போம். எடை குறையும் என்ற விளம்பரத்துக்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, பெங்களூரில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு. எடை கூடிய 50 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு நாளைக்கு 1 கிராம் சாறும், மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் 60 நாள் தரப்பட்டன. சாறு எடுத்தவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் பசி உணர்வும் குறைந்தன. ஆனால் உடல் எடையிலோ கொழுப்பிலோ இரு பிரிவுகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஜம்முவில் நடந்து 2015இல் வெளியான ஆய்விலோ, போலி மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் காணப்படவில்லை. துவையலாக நூறு ஆண்டு தின்றோம் என்பது, செறிவூட்டிய சாற்றை மாதக்கணக்கில் விழுங்குவதற்கான பாதுகாப்புச் சான்று ஆகாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் எடைக் குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமின் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதால் 2010இல் அமெரிக்காவிலும் 2011இல் இந்தியாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. ஒரு 'மூலிகை' மாத்திரை முதல் வாரத்திலேயே பசியை அடியோடு அடக்கி, நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் தருகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

செடியைத் தாங்களே பறித்துச் சமைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கரட்டில் சதுரக்கள்ளியும் வளரும். அதன் இளங்கிளை அனுபவமில்லாத கண்ணுக்குக் கள்ளிமுளையான் போலவே தெரியலாம். தண்டை ஒடித்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. கள்ளிமுளையானில் தண்ணீர் போன்ற சாறு கசியும். வெள்ளைப் பால் வடிந்தால், பட்டையோரத்தில் இரட்டை முள் இருந்தால், அது வேறு கள்ளி, நஞ்சு. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். உடனே சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பால் வடியாத செடிகள் எல்லாம் உண்ணத் தக்கவை என்றும் பொருளில்லை. ஊரில் பழகியவர் அடையாளம் காட்டாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மாத்திரை விளம்பரத்துக்கும் கடிவாளம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை நோய், உடற்பருமன், சிறுநீரகக் கல் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உணவுத் துணைப்பொருளாக விற்றால் புட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற அறிவிப்பும் இருந்தாக வேண்டும். சித்த மருந்தாக விற்றால் மருந்து உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் வேண்டும். இவை எதுவுமில்லாத பொடிப் பொட்டலத்தை, விற்பவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும், வாங்காமல் வந்துவிடுவதே நல்லது.

ஏமாந்துவிட்டால்? ரசீது, புட்டி, மீதி மாத்திரை, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் புகார் அனுப்பலாம். இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இனி ஊர்க்காரர் பக்கம். இங்கே நமக்கு முன்னுதாரணமாக இருப்பது அகத்தியமலையின் காணி மக்கள். 1987இல் அங்கே ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், உடன் வந்த காணிகள் களைப்புத் தெரியாமல் நடப்பதையும் வழியில் ஒரு காயைத் தின்பதையும் கவனித்தார்கள். அந்தக் காயைத் தரும் ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமம் 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத விற்பனைப் பங்குக்கும் வழங்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது. கள்ளிமுளையானை மென்று பசி அடக்கிய மேய்ப்பர்களின் அறிவும் இதே வகைதான்.

காணிகளுக்குக் கிடைத்தது அன்று நல்லெண்ணத்தால் கிடைத்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் அதை உரிமையாக்கியது. அச்சட்டப்படி அமைந்த தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. செடியைப் பறித்துத் தின்பதற்கும், உள்ளூர் மக்கள் பிழைப்புக்காக விற்பதற்கும் எந்த அனுமதியும் தேவையில்லை. வணிகத்துக்காக அள்ளும் நிறுவனம்தான் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து, வருவாயில் பங்கு தர வேண்டும். இந்திய நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று ஆயுர்வேத நிறுவனமான திவ்யா ஃபார்மஸி வாதாடியபோது, 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பிறகு வந்த மாற்றங்கள் கவலை தருபவை. 2023 திருத்தம், நூல்களில் பதிவான மரபு அறிவுக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் விலக்கு கொடுத்தது. 2025 ஏப்ரலில் வந்த விதிமுறை, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் பங்கே வேண்டாம் என்கிறது. ஆனாலும் ஏட்டில் ஏறாத, வாய்மொழியாக வந்த அறிவு அந்த விலக்கில் வராது. அந்த அறிவு தங்களுடையது என்று காட்ட ஊரிடம் சான்று வேண்டும், அதனால்தான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு முக்கியம். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். எந்தச் செடி எங்கே வளர்கிறது, யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அக்குழு எழுதி வைக்க வேண்டும். தன் எல்லைக்குள் வணிகத்துக்காகச் சேகரிப்பவரிடம் கட்டணம் வசூலிக்கவும் அதற்கு அதிகாரமுண்டு. கரடு வனத்துறை நிலமாக இருந்தால், 2006 வன உரிமைச் சட்டம் காட்டுவாழ் மக்களுக்கு மூலிகை சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது.

செடியே இல்லாமல் போனால் உரிமையை வைத்து என்ன செய்வது? கிலோக் கணக்கில் கேட்கும் வியாபாரிக்காக வேரோடு பிடுங்கினால் அந்த வெடிப்பில் மறுபடி முளைக்க எதுவும் மிஞ்சாது. நுனித்தண்டை மட்டும் ஒடித்தால் அடி மீண்டும் துளிர்க்கும். ஒடித்த துண்டை நிழலில் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் நட்டால் தொட்டியிலும் வரும். கல்குவாரிக்குப் போன கரட்டுக்கோ இந்த வைத்தியமெல்லாம் இல்லை. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதி நகலை ஊராட்சியில் யார் வேண்டுமானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று உங்கள் ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் கள்ளிமுளையான் இல்லையென்றால், ஊரின் மூத்த மேய்ப்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள்.