ஓசையா, இசையா?

மின்னொலி இசை படைத்த அமெரிக்கர்களுக்கு ஒரு சங்கம் கிடைத்தது. அகமதாபாத்தில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு ஓர் அலமாரிதான் கிடைத்தது.

1956ல் வெளிவந்த ஹாலிவுட் படம் 'ஃபர்பிடன் பிளானட்'. வேற்றுக்கிரகம், பேசும் ரோபோ, கண்ணுக்குத் தெரியாத அரக்கன் என்று அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: வாத்தியக் குழு. பேருக்கு ஒரு வயலின்கூடக் கிடையாது. படம் நெடுகக் குமிழிட்டு, முனகி, அலறி அடங்கும் ஒலிகள் அத்தனையும் லூயி பேரன், பீபி பேரன் என்ற தம்பதி வால்வுகளையும் கம்பிகளையும் கோத்துத் தாங்களே செய்த மின்சுற்றுகளிலிருந்து பிறந்தவை. ஒரு சுற்றுக்குள் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அது கூவும், துடிக்கும், கடைசியில் எரிந்து போகும். எரிந்தது எரிந்ததுதான், அந்த ஒலியை மறுபடி வரவழைக்க முடியாது. டேப்பில் பதிந்தது மட்டுமே மிச்சம்.

பெரிய நிறுவனத்தின் படம் ஒன்றுக்கு முழுக்க முழுக்க மின்னணு முறையில் பின்னணி அமைந்தது அதுவே முதல் முறை. ஆனால் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது 'இசை' என்ற சொல்லே வராது. வாத்தியக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தோடு வம்பு வேண்டாம் என்று 'எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்ற விநோதமான சொற்றொடரைப் போட்டுவிட்டார்கள். பேரன் தம்பதி சங்க உறுப்பினர்களும் அல்ல. எனவே இசைக்கான ஆஸ்கார் பரிசீலனைக்கே படம் போகவில்லை. அதற்குப் பிறகு ஹாலிவுட் அவர்களைக் கூப்பிடவும் இல்லை.

'டோனாலிட்டீஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ஓசைநயங்கள்' என்று சமாளிக்கலாம். உண்மையில் வழக்கு முழுவதும் நம்மிடம் உள்ள இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஓசை வேறு, இசை வேறு. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். யாரோ ஒருவர் உடன்பட்ட பிறகுதான் ஓசை இசையாகிறது. அந்த யாரோ ஒருவர் 1956ல் உடன்படவில்லை.

கதையின் அடுத்த அத்தியாயம் 1984ல். மின்னணுக் கருவிகளைக் கொண்டு இசையமைக்கிறவர்கள் அமெரிக்காவில் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசைச் சங்கம்' என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சீமஸ்' என்று அழைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இசைப் பேராசிரியராக இருந்த பாரி ஷ்ரேடர் இதன் நிறுவனர், முதல் தலைவர். முதல் செயலாளராக 1985ல் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? இசையமைப்பாளர் என்று பெயர் போட மறுக்கப்பட்ட அதே பீபி பேரன்தான். 1997ல் அவருக்கும், அதற்குள் மறைந்துவிட்ட லூயிக்கும் சேர்த்து வாழ்நாள் பணிக்காக சங்கம் தன் விருதை அளித்தது. நாற்பத்தோரு ஆண்டு தாமதம். ஆனாலும் வந்து சேர்ந்தது. பீபி 2008ல் காலமானார்.

சரி, இந்த எலக்ட்ரோ-அகூஸ்டிக் இசை என்பதுதான் என்ன? 'புன்னகை மன்ன'னில் சின்தசைசர் கேட்டோமே, 'ரோஜா'வில் ரஹ்மான் செய்தாரே, அதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கருவி ஏறக்குறைய ஒன்றுதான், நோக்கம் வேறு. சினிமாவில் கம்ப்யூட்டர் ஒரு மெட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இங்கே ஒலியேதான் கச்சாப் பொருள். பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷாஃபர் 1948ல் ரயில் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவு செய்து, வெட்டி, அடுக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு படைப்பாக ஒலிபரப்பினார். கேட்டவர்களுக்கு முதலில் ரயில் தெரியும். கொஞ்ச நேரத்தில் ரயில் மறைந்து தாளம் மட்டும் நிற்கும். சில ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில், பதிவு செய்த ஒலியே இல்லாமல், மின் அலைகளை மட்டும் வைத்து இசை கட்டினார்கள். இந்த இரண்டு ஆறுகளும் கலந்து ஓடுவதுதான் மின்னொலி இசை. தெருச் சத்தம், மூச்சுச் சத்தம், கம்ப்யூட்டர் பிறப்பிக்கும் சத்தம் எதுவும் இங்கே தீட்டு இல்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேடையில் ஆள் இருக்க மாட்டார். சீமஸ் ஆண்டு மாநாடு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் சில நாட்கள் நடக்கும்; காலை முதல் இரவு வரை கச்சேரிகள். பல படைப்புகளுக்கு மேடையில் ஒலிபெருக்கிகள் மட்டுமே. சுற்றுச்சுவரெங்கும் இன்னும் பல. விளக்கை மங்கலாக்கிவிடுவார்கள். படைத்தவர் அரங்கின் நடுவே, ரசிகர்களுக்கிடையில், கலவை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒலி எந்த ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி எங்கே போய் அடங்க வேண்டும் என்று விரல்களால் தள்ளிக்கொண்டிருப்பார். அவருடைய கச்சேரி அதுதான். தலையாட்டவும் தொடையில் தாளம் போடவும் பழகிய நமக்கு, முடிந்ததும் எந்தப் பக்கம் பார்த்துக் கைதட்டுவது என்றே தெரியாது. எல்லாப் படைப்பும் இப்படியல்ல. புல்லாங்குழலோ செல்லோவோ வாசிக்கும் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் அந்த நொடியிலேயே பதில் சொல்லும் வகையும் ஏராளம்.

மாநாட்டில் இடம் பிடிப்பது சுலபமல்ல. உறுப்பினர்கள் அனுப்பும் படைப்புகளைச் சக இசையமைப்பாளர்களே கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தவற்றிலிருந்து 'மியூசிக் ஃப்ரம் சீமஸ்' என்ற வரிசையில் இசைத்தட்டுகள் வெளியாகின்றன. கடைகளில் குவித்து விற்கிற சரக்கல்ல. ஆனால் நூலகங்களுக்குப் போகிறது, வகுப்பறைகளில் ஒலிக்கிறது, பட்டியலில் ஏறுகிறது. யார், எந்த ஆண்டு, என்ன செய்தார் என்பதற்கு ஓர் ஆவணம் கிடைக்கிறது.

இன்னொரு முக்கியமான காரியம் மாணவர்களுக்கானது. இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அமெரிக்க அமைப்பான ஆஸ்கேப்புடன் சேர்ந்து சீமஸ் ஒரு போட்டி நடத்தியது. மாணவர்களின் படைப்புகளைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வெற்றி பெற்றவர்களிடம் பணம் கொடுத்துப் புதிய படைப்பு ஒன்றைக் கேட்பார்கள். பரிசு கொடுத்து அனுப்புவதற்கும் வேலை கொடுத்து அழைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இருபது சொச்சம் வயதில், வீட்டார் "இதெல்லாம் பாட்டா?" என்று கேட்கிற நிலையில், உன் அடுத்த படைப்புக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு சபை சொல்வது சிறிய விஷயமில்லை.

குறை இல்லையா? உண்டு. இது பெரும்பாலும் பல்கலைக்கழக வட்டம். கேட்கிறவர்கள் படைக்கிறவர்கள், படைக்கிறவர்கள் பேராசிரியர்கள் அல்லது அவர்களுடைய மாணவர்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கு ஒரு மாநாட்டுக் கச்சேரி உதவும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். புலவர்கள் புலவர்களுக்காகப் பாடிய கதை நமக்கும் புதிதல்ல. சங்கங்கள் சாகாவரம் பெற்றவையும் அல்ல. பிரிட்டனில் 1979ல் தொடங்கிய இதே போன்ற சங்கம் பின்னால் பெயரை மாற்றிக்கொண்டது. 2008ல் வேறொரு பெரிய அமைப்பில் கரைந்துவிட்டது. கனடாவின் சங்கம் 1986ல் பிறந்தது. எப்படிப் பார்த்தாலும் சங்கம் இருந்த இடத்தில் ஞாபகம் இருக்கிறது. இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அகமதாபாத் போதும்.

இந்தத் தொடர்பு நியூயார்க்கில் ஆரம்பிக்கிறது. 1946ல் அகமதாபாத்தின் சாராபாய் ஆலைக் குடும்பத்திலிருந்து கீதா சாராபாய் என்ற இளம்பெண் மேற்கத்திய இசை கற்க அங்கே போனார். பக்கவாஜ் வாசிக்கத் தெரிந்தவர். பெண்கள் தொடாத வாத்தியம் அது. அவருக்குக் கிடைத்த ஆசிரியர் ஜான் கேஜ். கட்டணம் என்ன என்று கேட்டதற்கு, எனக்கு இந்திய இசை சொல்லிக்கொடுங்கள், கணக்கு சரியாகிவிடும் என்றார் கேஜ். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கித் தெளிவாக்கித் தெய்வ அருளுக்குத் தயார் செய்யத்தான் என்று தன் குரு சொன்னதை கீதா சொன்னார். ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ணரின் உபதேச நூலைக் கொடுத்துவிட்டு வந்தார். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையையே கலக்கிய கேஜ் இந்த இரண்டையும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே கேஜ் 1950களின் தொடக்கத்தில் டேப் துண்டுகளை வைத்து ஒரு படைப்பு செய்ய நினைத்தபோது, ஒலிகளைச் சேகரித்துத் தந்தவர்கள் பேரன் தம்பதி. நூற்றுக்கணக்கான ஒலிகள், ஐந்து நிமிடம்கூட ஓடாத படைப்பு, ஒட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. கூட உட்கார்ந்து வெட்டி ஒட்டியவர்களில் ஒருவர் டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர். 1952ல் கேஜின் மௌனப் படைப்பை முதன்முதலில் மேடையேற்றியவர்: பியானோ முன்னால் நாலரை நிமிடம் ஒரு கட்டையையும் தொடாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவர் அவர்தான். 1964ல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு உலகப் பயணத்தில் அகமதாபாத் வந்தபோது கேஜும் டியூடரும் உடன் வந்தார்கள்.

1969ல் டியூடர் மறுபடி வந்தார். இந்த முறை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னணு இசை ஸ்டுடியோ அமைப்பதற்காக. கீதாவின் உடன்பிறந்தவர்களான கௌதமும் கீராவும்தான் 1961ல் தொடங்கிய அந்தக் கழகத்தை வளர்த்தவர்கள். டியூடருடன் வந்தது ஒரு மூக் சின்தசைசர். ராபர்ட் மூக் தன் முதல் கருவியை உருவாக்கியது 1964ல் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்தே ஆண்டில் சபர்மதிக் கரைக்கு வந்துவிட்டது. இப்போதைய கீபோர்டு போல அல்ல. அலமாரி போன்ற பெட்டி, முன்பக்கம் நிறையத் திருகுகள், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஒயர்கள். எந்த ஒயரை எங்கே சொருகுகிறோமோ அதற்கேற்ற ஒலி.

அடுத்த மூன்று ஆண்டுகள் அங்கே நடந்தது ஒரு சிறிய அற்புதம். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்து தாங்கள் கேட்டறியாத ஒலிகளைத் தேடினார்கள். மாத்தூரின் ஒரு படைப்புக்கு 'ஒருமுறை தம்புரா வாசித்தேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. ஜோஷிபுராவுக்கு விண்வெளிக் கப்பல். சர்மா நடனத்துக்கான தாளத்தை இயந்திரத்திடம் கேட்டார். கலிஃபோர்னியாவையும் பாரிஸையும் பார்த்து நகலெடுத்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. சுருதிப் பெட்டி ஓயாமல் ஒலிக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு, நீண்டு நிற்கும் ஒற்றை ஒலி அந்நியமாகவா இருக்கும்?

1972க்குப் பிறகு அந்த முயற்சி ஓய்ந்துவிட்டது. டேப்புகள் பெட்டியில் போயின. அவற்றைக் கேட்க ஆண்டுதோறும் கூடும் மாநாடு இல்லை. தேர்ந்தெடுத்துத் தட்டாக வெளியிட ஆள் இல்லை. அடுத்து வரும் மாணவனிடம் இன்னொன்று செய் என்று சொல்லவும் ஆள் இல்லை. காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. ஈரம் ஏறினால் அதன் பூச்சு பிசுபிசுத்து, ஓடவிட்டாலே உரிந்து வரும். அகமதாபாத்தின் மழைக்காலங்கள் ஏறக்குறைய நாற்பத்தைந்து.

2017ல் லண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்கஸ் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது 27 ரீல்கள் அகப்பட்டன. அவை மீட்கப்பட்டு, 2020ல் பி.பி.சி. வானொலி இந்தக் கதையை ஒலிபரப்பியது. 2023ல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. வெளியிட்டது பிரிட்டிஷ் நிறுவனம். இந்தியாவில் செய்த இசையை இந்தியர்கள் கேட்க லண்டன் வழியாக வரவேண்டியிருந்தது என்று வருத்தப்படலாம். அலமாரியைத் திறக்க யாரோ ஒருவர் வந்தாரே என்று ஆறுதலும் அடையலாம். வருத்தமே எனக்கு அதிகம். 27 ரீல்கள் கிடைத்தன என்று கணக்குச் சொல்ல முடிகிறது; மொத்தம் எத்தனை இருந்தன என்பது எனக்குத் தெரியாது.

டியூடர் 1996ல் காலமானார். தொகுப்பில் கீதா சாராபாயின் படைப்பும் இருக்கிறது. அவர் மறைந்தது 2011ல்.