தகவல் துளி: கறுப்புத் திரையில் ஒரு கட்டளை

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அரசின் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. முதலில் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் இணைப்பு மையம். சித்தூர், திருப்பதிக்காரர்களுக்குப் பக்கத்து மையம் சென்னை. மோடம் வழியே எஸ்.டி.டி. (வெளியூர் தொலைபேசி அழைப்பு) போட வேண்டியிருந்தது, கட்டணமும் ஏறிக்கொண்டே போகும்.

அன்றைய குறைந்த கட்டண 'ஷெல்' கணக்கில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். 'டெல்நெட்' என்று தட்டினால் தொலைதூரக் கணினிக்குள் நுழையலாம். கோப்பு வேண்டுமென்றால் 'எஃப்.டி.பி.' கட்டளை. பொதுக் கிடங்குகளில் பயனர் பெயர் 'அனானிமஸ்', கடவுச்சொல் நம் மின்னஞ்சல் முகவரி. மென்பொருளை இறக்கும் முன் 'பைனரி' என்று தட்ட மறந்தால், கோப்பு பழுதாகித்தான் வந்து சேரும். எந்தக் கோப்பும் முதலில் வி.எஸ்.என்.எல். கணினிக்குத்தான் வரும், அங்கிருந்து இன்னொரு முறை இறக்கினால்தான் வீட்டுக்கு.

எஃப்.டி.பி. விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் ஓர் இந்தியர்: கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண்.

டெல்நெட், எஃப்.டி.பி. இரண்டும் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புபவை. ஆகவே இன்று அவற்றுக்குப் பதிலாக, மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச்., எஸ்.எஃப்.டி.பி. ஆகியவற்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.