மான் கறி வாங்கலாமா? கேமரன் மலைக் காட்டின் கணக்கு

"காட்டு மான் கறி இருக்கு, ஒரு கிலோ போடட்டுமா?" தோட்டப்புறத்தில் இப்படி யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி (சட்டம் 716), பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது மட்டும் குற்றமல்ல. அதன் இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான்.

ஒரு காலத்தில் 'ரூசா' எனப்படும் கடமானையும், இரவில் நாய்போல் குரைக்கும் 'கீஜாங்' மானையும் சுட உரிமம் கிடைத்தது. 2009இல் தீபகற்பத்தில் அது நிறுத்தப்பட்டது. காரணம் மான் மட்டுமல்ல, புலியும்தான். மலாயாப் புலியின் முக்கிய இரைகளில் ஒன்று கடமான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு எனத் தெரியவந்தது. காட்டில் இரை இல்லாவிட்டால் புலி மாட்டைத் தேடி ஊர்ப்பக்கம் வரும்.

"அப்படியானால் பூர்வக்குடியினர் மட்டும் வேட்டையாடலாமா?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட சில விலங்குகளை மட்டும், தாங்களும் குடும்பத்தாரும் உண்பதற்காக வேட்டையாட அவர்களை அனுமதிக்கிறது. அந்த இறைச்சியை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. இந்த நிபந்தனையைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கேமரன் மலையில் வாழும் செமாய் மக்களின் பெயர்பெற்ற ஆயுதம், 'சும்பிட்' எனப்படும் ஊதுகுழல். அதன் ஊசியில் தடவும் நஞ்சு, ஈப்போ நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் பாலிலிருந்து வருவது. அது இதயத்தைத் தாக்கும். ஆனால் சும்பிட் பெரும்பாலும் குரங்கு, அணில், பறவை போன்ற மரத்து இரைக்குத்தான். மான், பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு ஈட்டியும், ஈட்டி பாயும் பொறியும் உண்டு. வில்லும் அம்பும் தீபகற்பத்தில் செமாங் எனப்படும் குழுவினரின் ஆயுதமாக இருந்தன. 1906இல் வெளிவந்த ஸ்கீட், பிளாக்டன் ஆகியோரின் நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது.

செமாய் மக்களிடையே 1960களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் எழுதியிருப்பது சுவையானது. பெரிய விலங்கு கிடைத்தால் அது வேட்டையாடியவரின் சொத்தல்ல, ஊருக்கே பங்கு. பங்கு பெறுபவர் நன்றி சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. கொடுத்தவர் கணக்குப் பார்த்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடுமாம். முதல் மானை வீழ்த்திய இளைஞனுக்கும் தனிச் சலுகை இருக்க வழியில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கொல்லிமலை நினைவுக்கு வரும். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் கலைமானையும் பன்றியையும் துளைத்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. (கலை என்றால் ஆண்மான்.) யாரென்று தெரியாமலேயே பாணர்கள் பாட, தன் புகழைக் கேட்டு நாணுகிறான் ஓரி. வேட்டையில் கொன்ற மானின் இறைச்சியை அவர்களுக்குக் கொடுக்கிறான், பொன்னும் கூடவே. அம்பின் வலிமையை நம்புவது சற்றுக் கடினம்தான். கறியைப் பகிர்ந்தது நம்பக்கூடியது.

இடைத்தரகர் காசோடு வந்து நிற்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. பங்கு விலையாகிறது. குடும்பத்துக்கு ஒரு மான் போதும், சந்தைக்கு எத்தனை போட்டாலும் போதாது. கம்பிக் கண்ணி வைப்பவர்களால் நிலைமை இன்னும் மோசம். கண்ணிக்கு மான் என்றும் புலி என்றும் வித்தியாசம் தெரியாது.

மான் கறி சாப்பிட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்குப் பண்ணை மான் இருக்கிறது. மலேசியப் பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட திமோர் மான். விற்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்டத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடலாம். காட்டோரம் கம்பிக் கண்ணியைப் பார்த்தால் தொடவேண்டாம், இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம்.