பிறையில் ஒரு மருத்துவச்சியைத் தேடி

பிறையில் வாழும் ஒரு கர்ப்பிணிப் பெண் தகுதி பெற்ற மருத்துவச்சியை எங்கே தேடுவாள்? முற்காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. செபராங் பிறையில் முதலில் கரும்புத் தோட்டங்களும் பின்னர் இரப்பர் தோட்டங்களும் பரந்திருந்தன. தோட்டத்து லயங்களில் பிரசவம் பார்க்க அனுபவமுள்ள மூதாட்டி ஒருவர் இருப்பார். வலி எடுத்ததும் யாராவது ஓடிப்போய் அவரை அழைத்து வருவார்கள். வெந்நீர் வைப்பது, தாய்க்குத் தைரியம் சொல்வது, குழந்தையைப் பக்குவமாக ஏந்துவது ஆகியவற்றில் அவர் கைதேர்ந்தவர். அந்த அனுபவத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் அந்த அனுபவத்துக்கு ஓர் எல்லை இருந்தது. குழந்தை பிறந்த பிறகு கருப்பை சரியாகச் சுருங்காவிட்டால் இரத்தம் கொட்டத் தொடங்கும். இழப்பு அரை லிட்டரைத் தாண்டினாலே ஆபத்து என மருத்துவம் கருதுகிறது. சில நேரங்களில் அந்த அளவு சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசி மருந்தும், அதைச் செலுத்தத் தெரிந்தவரும் அருகில் இல்லாவிட்டால் தாயைக் காப்பாற்றுவது கடினம். தொப்புள் கொடியைத் தூய்மையற்ற கத்தியால் அறுத்ததால் இசிவு நோய் கண்டு இறந்த குழந்தைகளும் உண்டு. சுதந்திரம் அடைந்த 1957ஆம் ஆண்டில், மலாயாவில் 100,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 280 தாய்மார்களுக்கு மேல் உயிரிழந்தனர். 2010களில் இந்த எண்ணிக்கை பெரும்பாலான ஆண்டுகளில் 30க்கும் கீழே இருந்தது. மருத்துவமனைகள், சாலைகள், இரத்த வங்கிகள், கல்வி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. அவற்றுள் மிக முக்கியமானது, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கிராமங்கள் வரை அனுப்பி வைத்ததே.

மருத்துவச்சிகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. கிராமத்து மூதாட்டிகளை ஒரேயடியாக ஒதுக்கிவிடாமல், அவர்களுக்கும் பதிவு செய்துகொள்ள வாய்ப்பளித்தது அதன் சிறப்பு. பழையவர்கள் ஓய்வு பெறப் பெற, அவர்களுடைய இடத்தைப் பயிற்சி பெற்றவர்கள் நிரப்பினார்கள். இன்று தாதி ஒருவர் மருத்துவச்சியாக வேண்டுமானால், தாதியர் பயிற்சியை முடித்த பின்னர் மகப்பேற்றுத் துறையிலும் தனிப்பயிற்சி பெற வேண்டும். அதன் பிறகே அவர் பெயர் பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறினால் மட்டும் போதாது. வாகனத்துக்குச் சாலை வரியைப் புதுப்பிப்பதுபோல, பணிபுரியும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அத்தகையவரை விளம்பரத்தைப் பார்த்துத் தேட வேண்டியதில்லை. தாமான் இண்ட்ராவாசியிலோ சாய் லெங் பார்க்கிலோ குடியிருக்கும் பெண், தன் வீட்டு முகவரிக்குரிய அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்று பதிவு செய்தால் போதும். அந்த வட்டாரத்தின் தாதியர் அவளுடைய பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். அவர்களை நம் மக்கள் ‘மிஸ்ஸி’ என்று உரிமையோடு அழைப்பதுண்டு. கருவுற்று 12 வாரங்கள் ஆவதற்குள் பதிவு செய்வது நல்லது. வேலை, வெட்கம், ‘மூன்று மாதம் ஆகட்டும்’ என்னும் எண்ணம் ஆகியவற்றால் பலர் தாமதிக்கின்றனர். ஆனால், இரத்தச் சோகை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிதாகும்.

பதிவின்போது இளஞ்சிவப்பு நிறப் பதிவுப் புத்தகம் ஒன்று தாயின் கையிலேயே கொடுக்கப்படுகிறது. அதில் ஒட்டப்படும் நிற அடையாளம் கவனிக்கத்தக்கது. வெள்ளை என்றால் சிக்கல் ஏதுமில்லை. தாதியின் கவனிப்பே போதும். பச்சை என்றால் கிளினிக் மருத்துவரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் மருத்துவரிடம் அனுப்பி, தேவைப்பட்டால் நிபுணரிடமும் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால், வெள்ளையில் இருந்தவள் ஒரே நாளில் சிவப்புக்கு மாறக்கூடும். எல்லாப் பிரசவத்தையும் தானே பார்ப்பது மருத்துவச்சியின் திறமையன்று. எப்போது மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்திருப்பதே அவரது பயிற்சியின் பெரும்பகுதி. பிறைவாசிகளுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை அருகிலேயே இருப்பது பெரிய வசதி. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் முன், தீவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லப் பெர்ரிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரசவத்துக்குப் பின்னும் மருத்துவச்சியின் வேலை முடிவதில்லை. முதல் சில வாரங்களில் அவர் பல தடவை வீடு தேடி வருவார். தாயின் இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல் போட்ட புண், குழந்தையின் எடை, தொப்புள், மஞ்சள் காமாலை ஆகியவற்றைச் சோதிப்பார். இங்கேதான் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிக்கல் எழுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். பிறையில் பதிவு செய்தவள் கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ தாய்வீட்டில் இருந்தால், மிஸ்ஸி பூட்டிய வீட்டுக் கதவைத் தட்ட நேரிடும். எங்கே தங்கப் போகிறாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த ஊர்க் கிளினிக்குக்குத் தகவல் போய்விடும்.

தனியார் மருத்துவமனையை நாடுவோரும், வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதாகக் கூறுபவரை எதிர்கொள்வோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இந்த ஆண்டுக்கான சான்றிதழ் இருக்கிறதா?” உண்மையான மருத்துவச்சி இதனால் கோபப்பட மாட்டார். பதிவு இல்லாமல் பிரசவம் பார்ப்பது சட்டப்படி குற்றமாகும். தாய்க்கு எண்ணெய் தேய்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, பத்தியச் சமையல் செய்து தரும் பாட்டியின் நிலை வேறு. அவர் பிரசவம் பார்ப்பவரல்லர். அவருடைய கவனிப்பு தாய்க்கு இதமளிக்கும்.

பல வீடுகளில் பாட்டியும் மிஸ்ஸியும் ஒரே காலையில் சந்தித்துக்கொள்கிறார்கள். பாட்டி வெந்நீர் ஆற்றிக்கொண்டிருக்கும்போது, மிஸ்ஸி குழந்தையின் துணியை முகர்ந்து பார்த்து, “அலமாரியில் பூச்சி உருண்டை போட்டிருக்கிறீர்களா, பாட்டி?” என்று கேட்கலாம். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையின் நெடியே சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையை மோசமாக்கக்கூடும். பிறந்தவுடன் எடுத்த இரத்தச் சோதனையின் முடிவு மிஸ்ஸியிடம் உள்ள புத்தகத்தில் இருக்கிறது. துணிகளைத் துவைத்து வெயிலில் காயப்போடுவது பாட்டியின் கையில் இருக்கிறது.