முப்பதாவது ரொட்டி

வால்மார்ட் தன் விற்பனைக் கணக்கை 2020 மார்ச்சில் போட்டிக்குத் திறந்துவிட்டது. கலிபோர்னியா, டெக்சாஸ், விஸ்கான்சின் மாநிலங்களில் 10 கடைகள், 3,049 பொருள்கள், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான தினசரி விற்பனை. அடுத்த 28 நாட்களில் எந்தக் கடையில் எது எத்தனை விற்கும் என்று சொல்ல வேண்டும். 1980-களிலிருந்து இத்தகைய போட்டிகளை நடத்திவரும் ஸ்பைரோஸ் மக்ரிடாக்கிஸின் ஐந்தாவது போட்டி இது. பெயர் எம்5.

அந்தக் கணக்கில் அமெரிக்க ஏழைகளின் மாதச் செலவும் தெரிகிறது. அரசின் உணவு உதவித்தொகை கலிபோர்னியாவில் மாதத்தின் முதல் பத்து நாட்களில் வந்துவிடும். அந்த ஆண்டுகளில் டெக்சாஸிலும் விஸ்கான்சினிலும் 15-ஆம் தேதிவரை விட்டுவிட்டு வந்தது. எந்தெந்த நாட்கள் என்ற பட்டியலும் போட்டியாளர்களுக்குத் தரப்பட்டது. எந்த நாளில் யார் கையில் காசு இருக்கிறது என்பதைப் பார்க்காமல் மளிகைச் சரக்கு எடுக்க முடியாது.

கலந்துகொண்டவை 5,507 அணிகள். முதலிடம் பெற்றவர் தென் கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழக மாணவர். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த முறைகளில் சிறந்ததைவிட அவருடைய கணிப்பு 22.4 சதவீதம் மேல். ஆனால் என்னை யோசிக்க வைப்பது வேறொரு எண். ஒப்பீட்டுக்கு வைத்த அந்தச் சிறந்த முறை 1950-களில் உருவான எளிய கணக்கு வகையைச் சேர்ந்தது. அதைத் தாண்டியவை 415 அணிகள்தான். நூற்றுக்கு எட்டுகூட இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எத்தனை விற்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டால் எத்தனை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது.

ஒரு ரொட்டியின் கொள்முதல் 2 டாலர், விற்பனை 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அன்றே விற்காவிட்டால் குப்பைக்குத்தான். இரண்டில் ஒரு நாள் முப்பதோ அதற்கு மேலோ விற்கிறது. முப்பது என்ற கணிப்பில் தவறே இல்லை. ஆனால் அந்த முப்பதாவது ரொட்டி ஒரு நாள் 1 டாலர் கொடுத்து, மறுநாள் 2 டாலரைப் பிடுங்கிக்கொள்கிறது. மூன்று நாளில் இரண்டு நாளாவது விலைபோகும் ரொட்டிவரை வாங்கினால்தான் கட்டும். லாபம் 2, முதல் 1 என்று மாறினால் முப்பதைத் தாண்டி வாங்க வேண்டியிருக்கும். கணிப்பு மாறவில்லை, ஆர்டர் மாறிவிட்டது. வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்த பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1888-லேயே இந்த வழியில் யோசித்தார்.

ஆகவே கடைக்காரருக்கு வேண்டியது ஒற்றை எண் அல்ல; விற்பனை எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும் என்பதும் தெரிய வேண்டும். எம்5-இல் அதற்கென்று தனிப் பிரிவே இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்பது நிலைகளில் மதிப்பீடு கேட்டார்கள். அதற்கு வந்த அணிகள் ஆயிரத்தைத் தொடவில்லை. கடைக்கு அதிகம் உதவும் பிரிவுக்குக் கூட்டம் குறைவாக வந்தது வருத்தம்தான்.

இன்னொரு குறை தரவிலேயே இருந்தது. அதில் பூஜ்யங்கள் ஏராளம். கிறிஸ்துமஸ் அன்று கடை மூடியிருந்ததால் வந்த பூஜ்யத்தை எளிதில் அடையாளம் காணலாம். மற்ற நாட்களில் யாரும் கேட்காததால் பூஜ்யமா, கேட்டவருக்குக் கொடுக்கச் சரக்கு இல்லாததால் பூஜ்யமா? இருப்புக் கணக்கு தரப்படாததால் பிரித்தறிய வழியில்லை. சரக்கு தீர்ந்த வாரத்தைத் தேவையில்லாத வாரம் என்று கணினி கற்றுக்கொண்டால் அடுத்த ஆர்டரையும் குறைக்கும். அலமாரி மறுபடி காலியாகும். அடுத்து இப்படிப் போட்டி நடத்துபவர்கள் விற்பனைக் கணக்கோடு இருப்புக் கணக்கையும் தரட்டும்; தேங்கிய சரக்கின் நஷ்டத்தையும் திரும்பிப்போன வாடிக்கையாளரின் நஷ்டத்தையும் கூட்டி மதிப்பெண் போடட்டும்.